கற்கண்டுத் தட்டத்தில் குளிசை

மலேரியா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் பேச உங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் ஐம்பது நிமிடம் பேசினேன். பீட்சா ஆறிவிட்டது. அப்படியிருந்தும் சொல்லவந்த கதை பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை எழுதித் தரும்படி உங்களில் இரண்டு பேர் கேட்டீர்கள். ஓய்வு பெற்றவனிடம் எழுதித் தா என்று கேட்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

கொசு, எங்கள் பேச்சில் நுளம்பு, எப்படிப் பெருகும், எந்த வயதுக்கு எத்தனை மலேரியாக் குளிசை, அதாவது மாத்திரை, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டில் பாதியை எழுதியவன் நான், ஆகவே அது எவ்வளவு அலுப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே சொல்லப்போவது வேறு. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பன்னீர்ச் செம்போடு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டப வாசலில் நின்றபடியே, கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தீவின் மூன்று சுற்று வேலையை நான் கெடுக்கப் பார்த்த கதை.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். மோட்டார் சைக்கிளில் காலையில் புறப்பட்டால் முழுத் தீவையும் சுற்றிவந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாம், அவ்வளவுதான் அதன் அளவு. அங்கே நடந்தது முழுக்க முழுக்க வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வேலை. பணம் ஒரு கண்டத்திலிருந்து வந்தது, குளிசை இன்னொரு கண்டத்திலிருந்து வந்தது, நாங்கள் ரொறன்ரோவில் குளிருக்குள் இருந்துகொண்டு இரண்டும் அந்தத் தீவில் ஒரே நாளில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டோம்.

காய்ச்சல் இல்லாத மனிதரிடம் போய்க் காய்ச்சல் குளிசையை விழுங்கச் சொல்வதுதான் எங்கள் தொழில். மலேரியாக் கிருமி சிலருடைய இரத்தத்தில் சத்தம் போடாமல் குடியிருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது, தோணி தள்ளுவார், பந்து விளையாடுவார். நுளம்பு அவரைக் கடித்துவிட்டுச் சில நாள் கழித்து அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இதை முடிக்க ஒரே வழி, தீவில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மூன்று நாள் தொடர்ந்து குளிசை விழுங்குவது. மாதத்துக்கு ஒரு தடவையாக மூன்று சுற்று. ஒரு சிலர் விடுபட்டாலும் கிருமி அவர்களில் ஒளிந்திருந்து திரும்பி வரலாம்.

தீவின் சுகாதார நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு தாதி. நான் அவரை மனதுக்குள் மிஸ்ஸி என்று கூப்பிடுவேன், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். ஒருநாள் வாய் தவறி நேரிலேயே கூப்பிட்டுவிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன், பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எனக்கு எழுதும் மின்னஞ்சலில்கூட மிஸ்ஸி என்றே கையெழுத்து வைத்தார். சிறுவயதில் தன் தங்கையை இந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். எங்கள் வேலையில் ஒரு வீட்டைத் தவறவிட்டோம் என்று தெரிந்தால், மழையென்றும் பாராமல் தானே போய்க் கதவைத் தட்டுவார்.

மூன்றாம் சுற்று முடிந்தது. சில வாரங்களில் சுகாதார நிலையத்துக்கு மலேரியாக் காய்ச்சலோடு வருபவர் எவரும் இல்லாமல் போனார்கள். நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்ப்பவர் வேலையில்லாமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ரொறன்ரோ அலுவலகத்தில் ஒரே கும்மாளம். தர்ஷினி என்று இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி என்னோடு வேலை செய்தாள். அவள் மார்க்கம் நகரத்துக் கடையொன்றில் சொல்லி ஒரு கேக் செய்வித்தாள், நடுவில் கறுப்பு ஐசிங்கில் ஒரு பெரிய நுளம்பு. நுளம்பு இருந்த துண்டை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அதை நான் தின்றேன்.

அந்த வாரமே மிஸ்ஸியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளுக்குக் கலியாணம், நான்கு வாரத்தில். மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய தீவைச் சேர்ந்தவர். அங்கே ஆண்டு முழுவதும் மலேரியா. மாப்பிள்ளை வீட்டார் நான்கு படகு நிறைய வருவார்கள், மூன்று நாள் தங்குவார்கள். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் முதலில் உங்களுக்கே சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

பாருங்கள், எங்கள் குளிசைச் சுற்றுகளுக்காகவே அந்தக் கலியாணத்தை அவர் ஏற்கனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டிருந்தார். மூன்றாம் தரமும் தள்ளினால் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். மகளோ அந்தப் பையனைத் தவிர வேறு எவரையும் கட்டமாட்டேன் என்று நின்றாள். இந்தப் பக்கம் மகளின் வாழ்க்கை, அந்தப் பக்கம் தங்கையை நினைத்து நினைத்து அவர் செய்த வேலை.

செய்தி போனதும் அந்த நாட்டின் சுகாதார அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி எங்களுக்கு எழுதினார். படகுகளை நிறுத்தும்படி நீங்கள் சிபாரிசு செய்தால் நிறுத்துகிறோம், உங்கள் நேரப்படி திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும். எங்கள் இயக்குநர் விடுமுறையில் இருந்தார். நிலைமை தெரிந்தவன் நீதான், உன் முடிவே என் முடிவு என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்துவிட்டார். மேலதிகாரிகள் இப்படிப் புகழும்போது நீங்கள் ஓடி ஒளிய வேண்டும். எனக்கு ஒளிய இடமிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தர்ஷினி படகுகளை நிறுத்தச் சொல்லும் கடிதத்தை அடித்து என் மேசையில் வைத்தாள்.

"அங்கிள், இது ரெண்டே ரெண்டு லைன். நீங்க சைன் பண்ணினா முடிஞ்சுது. பட் அந்த அக்காட வெடிங்?"

கையெழுத்து வைக்காமலே கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்காபரோவில் என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகனுக்குக் கலியாணம். என்னை வாசலில் நிற்கும்படி போட்டிருந்தார்கள். உங்களில் எங்கள் கலியாணங்களுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்டப வாசலில் ஒரு சின்ன மேசை இருக்கும். வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்து, தட்டத்தை நீட்டுவோம். அதில் சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் இருக்கும். பொட்டு வைத்து, ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். என் வேலை செம்பை ஆட்டுவதும் பல்லைக் காட்டுவதும்.

அரை மணி நேரம் ஆட்டியிருப்பேன். அப்போது சிவலிங்கம் அண்ணை வந்தார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பது ஸ்காபரோ முழுக்கத் தெரியும், ஏனென்றால் அதைப் பற்றி அவர் ஸ்காபரோ முழுக்கச் சொல்லியிருந்தார். தேத்தண்ணிக்குக்கூடச் சீனி தொடாதவர். அந்த மனிதர் என் தட்டத்திலிருந்து இரண்டு கற்கண்டை எடுத்து, எனக்கு முன்னால் வாயில் போட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளை எடுத்தது. டயற்றில் இருக்கும் பெண் எடுத்தார். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு உச்சி குளிர்ந்தது. அட விசரா, இதைத்தானே மூன்று சுற்றும் தேடித் திரிந்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூற்றுக்கு நூறு! ஒரு படிவமில்லை, ஒரு விளக்கமில்லை, வாசலில் ஒரு தட்டம், எல்லோரும் விழுங்கிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தீவின் கலியாணமும் மூன்று நாள், எங்கள் குளிசையும் மூன்று நாள். படகு வந்து நிற்கும் துறையில் மேளத்தோடு பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, கற்கண்டுக்குப் பதிலாகக் குளிசையை நீட்டினால் எவர் மறுக்கப் போகிறார்? படகையும் நிறுத்த வேண்டாம், கலியாணத்தையும் நிறுத்த வேண்டாம். எனக்குப் பரிசு கொடுப்பார்களா, அதை வாங்க எந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

செம்பைப் பக்கத்தில் நின்ற மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கார்த் தரிப்பிடத்துக்கு ஓடினேன். மே மாதக் காற்று வேட்டியை ஒரு பக்கம் இழுத்தது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கைபேசியையும் பிடித்துக்கொண்டு மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். சொந்தக்காரப் பெண்களோடு முற்றத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் திட்டத்தைச் சொன்னேன். குளிசையை மினுங்கும் தாளில் சுற்றலாம் என்றும் சொன்னேன். ஒரு கட்டத்தில் பன்னீர் தெளித்தும் காட்டினேன் என்று நினைக்கிறேன், என் கையில் செம்பு இருக்கவில்லை.

மிஸ்ஸி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். விழுங்க விருப்பமில்லாத ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்று கேட்டார். விருப்பமில்லாதவர் எவரும் இருக்கமாட்டார் என்றேன். திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். நான் சிவலிங்கம் அண்ணையின் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் மகளின் கலியாணத்துக்கு வந்து என் வாசலில் நிற்பவர் எனக்கு இல்லையென்று சொல்லமாட்டார். இல்லையென்று சொல்ல முடியாத இடத்தில் வைத்து நான் எதையும் கேட்க முடியாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள், அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லாதவள், மேளத்துக்கு நடுவில் அதை எனக்கு எப்படிச் சொல்லுவாள்?"

நீங்கள் யோசியுங்கள், எனக்கு வெங்காயம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவர்களுக்கும், சில வருத்தங்கள் உள்ளவர்களுக்கும் அந்தக் குளிசையைக் கொடுக்கக் கூடாது. அதைக் கேட்டு அறிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன் எவன் என்று நான் திரும்பவும் சொல்லத் தேவையில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, ஏனென்றால் அவ்வளவு அழகான திட்டம்.

வாசலுக்குத் திரும்பினால் மனைவி செம்போடு நிற்கிறாள். முகம் சரியில்லை.

"வாசலில நிக்கச் சொன்னா எங்கையப்பா போனனீங்கள்? சரி, அது கிடக்கட்டும். உந்தச் சாடிக்குள்ள ஒருக்காப் பாருங்கோ."

வாசலுக்கு உட்புறம், மேசையிலிருந்து நாலைந்து அடி தள்ளி, ஒரு பெரிய பூச்சாடியில் பிளாஸ்டிக் செடி வைத்திருந்தார்கள். குனிந்து இலைகளை விலக்கிப் பார்த்தேன். சாடிக்குள் கற்கண்டு. ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய அள்ளலாம். சில ரிசு என்கிற மெல்லிய துடைதாளில் சுற்றியிருந்தன. சில பாதி கரைந்து மினுங்கின. என் நூற்றுக்கு நூறும் அதற்குள் கிடந்தது. சிவலிங்கம் அண்ணையின் இரண்டும் அதில் இருந்தனவா என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் ஒரே ரிசுவில் இரண்டு சுற்றியிருந்ததைக் கண்டேன்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். மனைவி முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள், இரண்டு பேரும் பூச்சாடிக்கு முன்னால் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருக்க மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டது. சிரித்து முடிந்த பிறகுதான் பயம் வந்தது. இதையே அந்தத் துறையில் செய்திருந்தால் குளிசை மணலுக்குள் போயிருக்கும். எங்கள் படிவத்தில் எல்லோர் பெயருக்கும் எதிரே சரி அடையாளம் இருக்கும். கிருமியும் தீவுக்குள் போயிருக்கும். அது போனது எங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.

தாலி கட்டி முடிந்ததும் திரும்பவும் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அப்படியானால் எங்கே வைத்துக் கேட்பது என்று கேட்டேன். அவர் அதற்குள் வெங்காயத்தோடு சேர்த்து அதையும் யோசித்து முடித்திருந்தார். அவரவர் வீட்டில், என்றார். அந்தத் தீவுகளிலும் எங்களைப் போலத்தான், கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பெண்ணின் தாய் கடல் கடந்துபோய் வீடு வீடாக ஏறி, பாயில் இருந்து, கொடுத்ததைத் தின்று அழைப்புச் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தை அவர் இன்னும் போகவில்லை. அவர்கள் வீட்டில் நான்தான் விருந்தாளி, அங்கே வேண்டாம் என்று சிரித்துச் சொல்லி என்னை அனுப்பவும் அவர்களால் முடியும் என்று சொன்னார். முதலில் அழைப்பைக் கொடுப்பார். குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அழைப்பு உங்களுடையது என்று சொல்லுவார். அதன் பிறகு கேட்பார். சரி என்பவர்களுக்குப் படகேற முந்திய மூன்று நாளும் அந்தப் பக்கத்துச் சுகாதார ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுப்பார்.

திங்கட்கிழமை காலை தர்ஷினி, படகுகளை வரவிடச் சொல்லும் இரண்டாவது கடிதத்தை அடித்தாள். அடித்துக்கொண்டே கேட்டாள், "அங்கிள், அவங்க நோ சொன்னா?"

"நோ சொன்னாலும் வரட்டும்."

"தென் வை ஆஸ்க்?"

"வேண்டாம் எண்டு சொல்லலாம் எண்டாத்தான் பிள்ளை, அவை ஓம் எண்டு சொல்லுறதை நாங்கள் நம்பலாம்."

அவள் கடிதத்தில் தானாகவே மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தாள்: வந்திறங்கும் எல்லோருக்கும் விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதனை, எல்லோருக்கும் நுளம்பு வலை, காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். நான் யோசித்திராத நிபந்தனைகள். உங்களில் சின்னவர்கள் பெரியவர்களின் கடிதத்தில் கைவைக்கத் தயங்காதீர்கள்.

அமைச்சு அதிகாரி தொலைபேசியில் வந்தார். அந்தப் பக்கத்தில் குளிசை கொடுக்க அனுமதி தருவதாகச் சொன்னார். கிருமி திரும்பி வந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்றேன்.

மிஸ்ஸி போன பயணத்தைப் பற்றி அவர் அனுப்பிய குறிப்புகள் எனக்கு வந்த அலுவலகக் கடிதங்களிலேயே மிகவும் சந்தோசமானவை. முதல் நாள் ஏழு வீடு, ஏழு வீட்டிலும் சாப்பாடு, நான் இறந்தால் காரணம் மலேரியா இல்லை என்று எழுதியிருந்தார். பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஒரு வீட்டில் மருமகள் அவரை அடுப்படிக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய், தனக்கு இரண்டு மாதம், கணவனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை என்று காதுக்குள் சொன்னாள். மிஸ்ஸி அவளைக் குளிசைப் பட்டியலில் சேர்க்கவில்லை, நுளம்பு வலையைக் கொடுத்தார். அதைப் படித்தபோது என் மினுங்கும் தாள் யோசனை ஞாபகத்துக்கு வந்தது.

சிலர் மறுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, வயதான மீன்பிடிகாரர். வாழ்நாளில் தனக்குக் காய்ச்சல் வந்ததில்லை, வருத்தமில்லாத உடம்புக்கு மருந்து எதற்கு என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நான் கலியாணத்துக்கு வரக்கூடாதோ என்றும் கேட்டிருக்கிறார். கலியாணத்தில் உங்களுக்குப் பாய் போட்டுவிட்டுத்தான் நான் உட்காருவேன் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டு, அவர் கொடுத்த பொரித்த மீனைத் தின்றுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் படிவத்தில் இதற்கு இடமே இல்லை. கொடுத்தோம், வீட்டில் இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான். தர்ஷினி மூன்றாவதாக மறுத்தார் என்று ஒரு கட்டம் போட்டாள். பணம் கொடுத்தவர்களின் பிரதிநிதி அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் உடனே என்னைக் கூப்பிட்டார். மறுத்தவர்களை மட்டுமாவது படகில் ஏற்றவேண்டாம் என்றார், மிகவும் மரியாதையாக, நான்கு தடவை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அவரிடத்தில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் மிஸ்ஸி அந்த வீடுகளில் உட்கார்ந்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் ரொறன்ரோவில் இருந்து உடைத்தால், சரி என்று சொன்னவர்களும் அடுத்த நாளே தங்கள் சரியைத் திரும்பப் பெறுவார்கள். முடியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நடந்தேன்.

கலியாணம் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் தர்ஷினியின் கைபேசியைச் சுற்றி நின்றோம். நான்கு படகும் மேளத்தோடு வந்து நின்றன. இறங்கியவர்கள் வரிசையாக நின்று விரலை நீட்டினார்கள், மேளக்காரர் ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு அடி அடித்தார். குத்துப்பட்டவர் முகத்தைச் சுளிக்க மற்றவர்கள் கைதட்டினார்கள். பெரியப்பாவும் விரலை நீட்டினார். அவருடைய சோதனையில் கிருமி தெரியவில்லை. நான் மூச்சை விட்டேன். ஆனால் இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரியும், ஆகவே முழு மூச்சையும் விடவில்லை.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. நான் மார்க்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுவிக்க வரிசையில் நின்றேன். கைபேசி அடித்தது. மிஸ்ஸி. பின்னால் பாட்டும் ஆட்டமும் கேட்டது. காய்ச்சல் ஒன்று வந்திருக்கிறது என்றார். யார் என்று கேட்டேன்.

பெரியப்பாதான். ஆடிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் வந்திருக்கிறது. எவருக்கும் சொல்லாமல் ஆட்டத்தை விட்டிறங்கி, தனியாகவே சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய், மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். மிஸ்ஸி கலியாணச் சேலையோடு ஓடிப்போய் இரத்தம் எடுத்தார். இந்தத் தடவை கிருமி தெரிந்தது. முதல் வேளைக் குளிசையைத் தன் கையாலேயே கொடுத்து விழுங்க வைத்தார். முதல் நாள் இரவு பெரியப்பா நுளம்பு வலைக்குள்தான் படுத்திருக்கிறார், யார் யாரோடு இருந்தார் என்பதையும் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அவர் இருந்த வீட்டைச் சுற்றி எல்லோருக்கும் சோதனை செய்தாகிவிட்டது, ஒருவருக்கும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இனி நான் ஆடப்போகலாமா என்று மிஸ்ஸி கேட்டார்.

நான் போட்ட சத்தத்தில் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன அண்ணை, லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?"

ஓம் என்றேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கைகொடுத்தேன். அவர்களும் எதற்கென்று தெரியாமல் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் மீனை வாங்காமல் வந்தது தெரிந்தது.

அடுத்த மாதங்கள் முழுவதும் தீவில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் இரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நுணுக்குக்காட்டிக்காரர் திரும்பவும் குறுக்கெழுத்துக்குப் போனார். நான் வேலையை விடும்வரை அங்கே மலேரியா திரும்பி வரவில்லை. அந்தக் குசினிக்குள் காதோடு சொன்ன பெண்ணுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, படம் அனுப்பினார்கள்.

ஓய்வு பெற முன்பு கடைசித் தடவையாக அந்தப் பக்கம் போனபோது பெரியப்பாவைப் பார்த்தேன். மீன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு உறுதியாக மறுத்தவர், காய்ச்சல் வந்ததும் ஏன் மறைக்கவில்லை என்று மிஸ்ஸி மூலமாகக் கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. மிஸ்ஸி என் பழைய துறைத் திட்டத்தையும் சேர்த்துச் சொல்லி இரண்டு தரம் விளக்கினார். வலையிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார், மிஸ்ஸி அதை எனக்கு மொழிபெயர்த்தார்.

"துறையில் வைத்துத் தந்திருந்தால் வாயில் போட்டுக் கடலில் துப்பியிருப்பேன். பிறகு காய்ச்சல் வந்தால் எந்த முகத்தோடு போவது? நான் இவளிடம் வேண்டாம் என்று நேரே சொன்னவன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் இவள் எனக்குப் பாய் போட்டாள். அதனால் நடந்து வந்தேன்."